499 பேர் உள்ள ஊருக்குச் சாலை கிடையாதா?



இந்த வாரம் ஒரு கணக்கோடு தொடங்குவோமா? பயப்படாதீர்கள், சின்னக் கணக்குத்தான்.

இரண்டு ஊர்கள். இரண்டும் சமவெளியில் இருக்கின்றன. இரண்டுக்கும் நல்ல சாலை இல்லை. மழை பெய்தால் இரண்டு ஊர்ப் பாதையிலும் முழங்கால் அளவு சேறு. முதல் ஊரில் 501 பேர் வசிக்கிறார்கள். இரண்டாவது ஊரில் 499 பேர். மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் எந்த ஊருக்குச் சாலை கிடைக்கும்?

"இரண்டுக்கும்தான்!" என்று சொல்வீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் விதிப்படி முதல் ஊருக்குத்தான் தகுதி உண்டு. இரண்டே இரண்டு பேர் குறைந்ததால் அடுத்த ஊர் பட்டியலில் இடம்பெறாது.

"இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் நாட்டில் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு அறிவிப்பு வந்திருக்கிற காலம் இது. தலைகளை எண்ணுவதற்கும், ஊருக்குப் பேருந்து வருவதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம், வாருங்கள்.

500 எங்கிருந்து வந்தது?

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, 'பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம்' தொடங்கப்பட்டது. அப்போது மழைக்காலத்தில் வெளியுலகத் தொடர்பே அற்றுப் போகும் ஊர்கள் நாட்டில் ஏராளமாக இருந்தன. எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் சாலை போட முடியாது. எந்த ஊருக்கு முதலில் போடுவது? அதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. மக்கள் தொகையை அளவுகோலாக வைத்தார்கள்.

முதலில் 1,000 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகள். அடுத்து 500 பேருக்கு மேல் உள்ளவை. மலை, பாலைவனம், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் 250 பேர் இருந்தாலே போதும்.

இந்தத் திட்டத்தில் இதுவரை ஏழரை லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சாலைகள் போடப்பட்டுள்ளன. பூமியிலிருந்து நிலா சுமார் 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அப்படியானால், ஏறக்குறைய நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும் தூரத்துக்கு நம் கிராமங்களில் சாலை போட்டிருக்கிறார்கள். இது சாதாரண வேலை இல்லை. பாராட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் வேலை முடியவில்லை. 2024 செப்டம்பர் 11 அன்று இத்திட்டத்தின் நான்காவது கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலை இல்லாத 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை போடுவது இதன் நோக்கம். செலவு 70,125 கோடி ரூபாய். 2024-25 முதல் 2028-29 வரை ஐந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டும்.

இதிலும் சமவெளிக்கு 500, மலை மாநிலங்களுக்கும் பழங்குடியினர் பகுதி போன்றவற்றுக்கும் 250 என்பதே வரம்பு. நக்சலைட் பாதிப்புள்ள மாவட்டங்களில் மட்டும் 100.

பென்சிலை எடுங்கள்!

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 62,500-ஐ 25,000-ஆல் வகுத்தால் என்ன வருகிறது? 2.5. அதாவது, ஒரு குடியிருப்புக்குச் சராசரியாக இரண்டரை கிலோமீட்டர் சாலை.

அடுத்து, 70,125 கோடியை 25,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குடியிருப்புக்குச் சராசரியாக 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வரும்.

அந்த ஊரில் 500 பேர் இருந்தால், தலைக்குச் சுமார் 56,000 ரூபாய். 50 பேர் மட்டுமே இருந்தால், தலைக்குச் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்!

இதனால்தான் எங்காவது ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு அதிகம் பேருக்கு உதவ வேண்டும் என்று அரசு நினைப்பதில் தவறில்லை. வகுப்பில் பத்துப் புத்தகங்கள் மட்டும் இருந்து, நாற்பது பேர் கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? ஏதாவது ஒரு முறை வைத்துத்தானே கொடுக்க வேண்டும்?

அதனால் கோடு போட்டதைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது. அந்தக் கோட்டுக்கு எந்த எண்ணை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கேதான் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

நீங்கள் கணக்கில் இருக்கிறீர்களா?

முதல் சிக்கல் இது. நான்காவது கட்டச் சாலைத் திட்டம் 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகையைத்தான் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வயதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இதைப் படிக்கும் நீங்கள் ஏறக்குறைய எல்லோருமே 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆக, உங்கள் ஊர்க் கணக்கில் நீங்கள் இல்லவே இல்லை! அன்று 490 பேர் இருந்த ஓர் ஊர் இன்று 600 பேராக வளர்ந்திருக்கலாம். ஆனால் தாளில் அது இன்னும் 490 பேர் உள்ள ஊர்தான்.

ஏன் பழைய கணக்கு? புதிய கணக்கு எடுக்கப்படவில்லை என்பதால்தான். 1881 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்தது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 2021-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. 2025 ஜூன் 16 அன்று அதற்கான அறிவிக்கை வெளியானது. அதன்படி 2027 மார்ச் 1 கணக்கு நாள். லடாக், இமாசலப் பிரதேசம் போன்ற இடங்களின் பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. காகிதத்துக்குப் பதிலாகக் கைபேசிச் செயலியில் விவரங்களைப் பதிவு செய்யும் முதல் கணக்கெடுப்பு இதுதான்.

இரண்டாவது சிக்கல், எண்ணும் காலம். 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். அந்த நாள்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர்களை அந்த ஊர்க் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் எண்ணப்படுவார்கள்.

பிப்ரவரியில் யார் ஊரில் இருக்க மாட்டார்கள்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள். கரும்பு வெட்டப் போனவர்கள். சூளை வேலை மழை ஓய்ந்த பிறகு தொடங்கிக் கோடை முடியும் வரை நடக்கும். கரும்பு வெட்டும் அதே பருவத்தில்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை விடுதியில் எண்ணிவிடுவார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், 500 பேர் உள்ள ஊர் 450 ஆகாதா? பிழைப்புக்காக வெளியே போகிற ஏழை ஊர்தான் தாளில் இன்னும் சிறிய ஊராகிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க ஊர்ல எத்தனை தலை?"

இந்தக் கணக்கில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1984-ல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்ன ஊரில். வானம் பார்த்த பூமி. தீப்பெட்டித் தொழில் நடக்கும் பகுதி. எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். பேருந்து கிடையாது. நானும் தினமும் விலக்கு ரோட்டில் இறங்கி, கருவேலங்காட்டு வழியே நடந்துதான் வருவேன்.

ஆனால் ஒரு வண்டி மட்டும் தவறாமல் அந்த ஊருக்கு வரும். விடிவதற்கு முன் வந்து ஹாரன் அடிக்கும். அது தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். அந்த வண்டிக்கு ஊரில் எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டியதில்லை. வேலைக்கு ஆள் கிடைத்தால் போதும்.

என் வகுப்பில் ஒரு மாணவி. கணக்கில் புலி. எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண். "மேலே படிக்க வையுங்கள்" என்று அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா, "படிக்க வைக்கலாம் டீச்சர். ஆனா பொம்பளப் பிள்ளைய ஏழு கிலோமீட்டர் காட்டுப் பாதையில எப்படித் தனியா விடுறது? ஒரு பஸ் வரட்டும், அனுப்புறேன்" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

ஊர்ப் பெரியவர்களோடு போய்ப் பேருந்து கேட்டு மனுக் கொடுத்தோம். மனுவை வாங்கிய அலுவலர் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்ல எத்தனை தலை டீச்சர்?" என்பதுதான். பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்மியான ஊருக்கு எப்படிம்மா பஸ் விடுறது? டீசல் காசுகூடத் தேறாதே" என்றார்.

திரும்பி வந்து பிள்ளைகளிடம் சொன்னேன். நாங்களே எண்ணினோம். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டும் நோட்டுமாகத் தெருத்தெருவாகப் போனார்கள். பக்கத்தில் ஒரு காலனி, ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடியிருப்பு. இரண்டும் பேரேட்டில் வேறு வேறு பெயரில் இருந்தன. மூன்றுக்கும் பாதை ஒன்றே. மூன்றையும் சேர்த்து எண்ணினோம். பேரேட்டில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது! அதோடு, அன்றாடம் வெளியூர் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்துக்குப் போகிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தோம்.

பேருந்து வந்தது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஆனால் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆனது. அதற்குள் அந்த மாணவி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போனவள் அவளுடைய தங்கை. அக்கா வழியனுப்ப வந்து நின்றாள். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இன்று 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். காலம் மாறியிருக்கிறது. ஆனால் "எத்தனை தலை?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாங்கள் மூன்று குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணினோமே, அதற்குக் கிராமச் சாலைத் திட்ட விதியிலேயே இடம் உண்டு. சமவெளியில் 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணலாம். மலையில் ஒன்றரை கிலோமீட்டர் வரை. தொடக்கத்தில் சொன்ன 499 பேர் ஊருக்குப் பக்கத்தில் பத்து வீடு இருந்தால் போதும்! விதியைத் தெரிந்து கேட்பவர்களுக்கு அது உதவும்.

ஆள் குறைந்தால் சாலை இல்லை, சாலை இல்லாவிட்டால்?

ஊர் சிறியது என்பதால் சாலை வராது. சாலை இல்லை என்பதால் பேருந்து வராது. பேருந்து இல்லாததால் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் மக்கள் வேறு ஊருக்குக் குடிபோவார்கள். அவர்கள் போனதும் ஊர் இன்னும் சிறியதாகும். பிறகு சாலை இன்னும் எட்டாத தூரம் போய்விடும். செக்கைச் சுற்றி வரும் மாடு மாதிரி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம் பார்த்தீர்களா?

இந்தச் சுற்றை இமயமலை அடிவாரத்தில் உள்ள உத்தராகண்ட் மாநிலத்தில் நன்றாகப் பார்க்கலாம். 2001-க்கும் 2011-க்கும் இடையே அந்த மாநிலத்தின் மக்கள் தொகை 84 லட்சத்திலிருந்து ஒரு கோடியைத் தாண்டியது. ஆனால் அதே காலத்தில் பௌரி கர்வால், அல்மோரா என்ற இரண்டு மலை மாவட்டங்களில் மக்கள் தொகை குறைந்தது! பௌரியில் 6,97,078 ஆக இருந்தது 6,87,271 ஆனது. மலை ஊர்க்காரர்கள் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள்.

இதை ஆராய அந்த மாநில அரசு 2017-ல் ஓர் ஆணையம் அமைத்தது. 2011-க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளில்லாமல் காலியாகிவிட்டன என்று 2018-ல் அது அறிக்கை தந்தது. வெளியேறியவர்களில் பாதிப் பேர் வேலை இல்லாததால் போனவர்கள். சுமார் 15 சதவீதம் பேர் படிப்புக்காக. 8 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவ வசதிக்காக. ஆக, சாலை ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேலை, படிப்பு, வைத்தியம் மூன்றும் ஒரு வழி வழியாகத்தானே ஊருக்கு வர வேண்டும்?

சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. இதையும் உள்ளபடியே சொல்ல வேண்டும். வரம்புக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் இருந்த ஊர்களை ஒப்பிட்டு, பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை 2020-ல் வெளியிட்டார்கள். நமது 501, 499 கதைதான்! சாலை வந்த ஊர்களில் பலர் வயல் வேலையை விட்டு வெளியூர் வேலைக்குப் போய் வரத் தொடங்கினார்கள். ஆனால் ஊரின் விளைச்சலோ வருமானமோ பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்று கண்டார்கள்.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு முக்கியம். சாலை வந்த ஊர்களில், நடுநிலை வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது. தேர்வுகளிலும் அவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆக, சாலை முதலில் உதவுவது உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான்.

சாலையில் ஓட வண்டியும் வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டில் பெரிய பேருந்து நுழைய முடியாத ஊர்களுக்காக 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. அது விரிவாக்கப்பட்டு, புதிய திட்டம் 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கியது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்தச் செலவைப் பயணியிடம் வாங்காமல் அரசு ஏற்றது. "டீசல் காசு தேறுமா?" என்று மட்டும் பார்க்காமல், "எத்தனை பேருக்குப் பயன்?" என்று பார்த்ததால்தான் இது நடந்தது.

ஒரே ஒருவருக்காக நடந்தவர்கள்

வேறு அளவுகோலே கிடையாதா? உண்டு.

அருணாசலப் பிரதேசத்தின் அஞ்சாவ் மாவட்டத்தில் மாலோகம் என்ற இடம் இருக்கிறது. 2019-லும் 2024-லும் நடந்த மக்களவைத் தேர்தல்களில் அந்த வாக்குச்சாவடிக்கு ஒரே ஒரு வாக்காளர்தான், ஒரு பெண்மணி. அவர் ஒருவருக்காகத் தேர்தல் அலுவலர்கள் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு மலைக் காட்டில் சுமார் 40 கிலோமீட்டர் பயணம் போனார்கள். "ஒருவர்தானே, விட்டுவிடுவோம்" என்று சொல்லவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 2010-ல் வந்த மத்திய விதிகள் தூரத்தை அளவுகோலாக வைத்தன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையான பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எட்டு வரையானது மூன்று கிலோமீட்டருக்குள். அப்படிப் பள்ளி இல்லாத குக்கிராமப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ, தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தர வேண்டும்.

வாக்களிக்க ஓர் ஆள் போதும். பள்ளிக்குத் தூரம் கணக்கு. சாலைக்கு மட்டும் தலைக்கணக்கு. தலையோடு சேர்த்துத் தூரத்தையும் பார்த்தால் என்ன? பள்ளி எவ்வளவு தொலைவு, ஆஸ்பத்திரி எவ்வளவு தொலைவு, மழையில் எத்தனை நாள் பாதை அடைபடுகிறது என்பதையும் எண்ணினால், 499-க்கும் 501-க்கும் உள்ள வேறுபாடு காணாமல் போய்விடும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். வகுப்பில் பேசிப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால், பாட்டி முதல் தொட்டில் குழந்தை வரை ஒருவரும் விட்டுப்போகாமல் சொல்லப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். வேலைக்கு வெளியூர் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் ஊர்ப் படம் ஒன்று வரையுங்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிற்கும் இடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிட நடை என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடும். அப்பா, அம்மாவிடம் அந்தப் படத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களா? பாட்டி ஊருக்கு நாளைக்கு எத்தனை நடை பேருந்து வருகிறது என்று விசாரியுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

அன்று சிலேட்டும் நோட்டுமாகத் தெருவில் இறங்கி எண்ணியவர்களுக்கு உங்கள் வயதுதான். அவர்கள் எண்ணியதால் ஒரு பேருந்து வந்தது. இரண்டு ஆண்டு முன்னதாக எண்ணியிருந்தால் அந்த அக்காவும் தங்கையோடு அதில் ஏறியிருப்பாள்.